சால்மன் மீனைப் பிடிக்கச் சால்மன் சினை: தூண்டில்காரர்களின் ‘ஊறுகாயில்’ இருந்த சிக்கல்

சுஷி உணவகங்களில் சோற்றின்மேல் ஆரஞ்சு நிறத்தில் மின்னும் ‘இக்குரா’வைப் பலர் சுவைத்திருப்பார்கள். அது உப்பில் ஊறவைத்த சால்மன் மீன் சினை. வட அமெரிக்காவின் பசிபிக் கரையோரத்தில் அதே சினை தூண்டில் முள்ளிலும் ஏறுகிறது. வாஷிங்டன், ஓரிகன், பிரிட்டிஷ் கொலம்பியா, அலாஸ்கா ஆறுகளில் மீன் பிடிப்பவர்களுக்குச் சால்மன் மீனைக் கவரும் இரைகளில் சால்மன் சினைக்குத் தனி இடம் உண்டு.

சினூக், கோஹோ போன்ற சால்மன் வகைகள் கடலில் வளர்ந்து, முட்டையிடுவதற்காகப் பிறந்த ஆற்றுக்கே திரும்புகின்றன. ஸ்டீல்ஹெட் என்பது கடலுக்குப் போய்த் திரும்பும் ரெயின்போ டிரவுட் மீன். சினூக், கோஹோ மீன்கள் முட்டையிட்டதும் இறந்துவிடும். ஸ்டீல்ஹெட் மீன்களில் சில பிழைத்து மீண்டும் கடலுக்குப் போகும்.

ஆற்றுக்குள் நுழைந்த சால்மன் இரை தேடுவதை ஏறக்குறைய நிறுத்திவிடும். அப்படியிருந்தும் சினையைக் கண்டால் கவ்வுகிறது. பழைய பழக்கம் என்பார்கள் சிலர். வேறொரு மீனின் முட்டையை அழிக்கும் உந்துதல் என்பார்கள் வேறு சிலர். ஸ்டீல்ஹெட் விஷயத்தில் இந்தக் குழப்பம் குறைவு. சால்மன் முட்டையிடும் இடத்திற்குக் கீழே காத்திருந்து, நீரோட்டத்தில் உருண்டுவரும் முட்டைகளை அது தின்னும்.

பச்சைச் சினையை அப்படியே முள்ளில் மாட்டினால் சில வீச்சுகளிலேயே உடைந்து பால்போலக் கரைந்துவிடும். இரண்டொரு நாளில் நாற்றமும் எடுக்கும். அதனால்தான் அதைப் பதப்படுத்துகிறார்கள். வெயிலில் காயவைத்துக் கருவாடு போடுவதுபோல் முழுக்க உலர்த்துவதில்லை. முட்டை உருண்டையாக இருக்க வேண்டும், மேல்தோல் இறுக வேண்டும், உள்ளே சாறும் தங்க வேண்டும். மாங்காய் ஊறுகாய் போடுவதற்குத்தான் இது நெருக்கம்.

வேலை ஆற்றங்கரையிலேயே தொடங்கிவிடுகிறது. பெண் மீன் கிடைத்ததும் செவுளை வெட்டி இரத்தத்தை வடிப்பார்கள். சினைப்பையின் நரம்புகளில் இரத்தம் தங்கினால் இரை சீக்கிரம் கெட்டுப்போகும். வயிற்றிலிருந்து இரண்டு நீளமான சினைப்பைகளை எடுத்து, தண்ணீர் படாமல் குளிரில் வைப்பார்கள். நல்ல தண்ணீர் பட்டால் முட்டை அதை உறிஞ்சி வெளுத்துக் கடினமாகிவிடும். அதற்குப்பின் எந்தக் கலவை போட்டாலும் சரியாக ஊறாது. மீனைக் கழுவியே பழகிய கைகளுக்கு இது கொஞ்சம் விசித்திரமாகத்தான் இருக்கும்.

பிறகு சினைப்பையைக் கத்தரிக்கோலால் கட்டைவிரல் நுனி அளவுத் துண்டுகளாக வெட்டுவார்கள். ஒவ்வொரு துண்டிலும் சவ்வு ஒட்டியிருக்க வேண்டும். முள்ளுக்குப் பிடிமானம் அதுதான். கையுறை அணிவதும் வழக்கம். சோப்பு, பெட்ரோல் வாடைக்காக மட்டுமல்ல. பாலூட்டிகளின் தோலிலுள்ள செரின் என்ற அமினோ அமிலத்தை முகர்ந்தால் சால்மன் விலகிப்போகிறது என்பதைக் கனடிய ஆய்வாளர்கள் 1950களிலேயே கண்டறிந்தனர். கரடி ஆற்றில் கால் வைத்தால் மேலே வரும் மீன் தயங்குவதற்கு இதுவும் ஒரு காரணம்.

துண்டுகளின்மேல் கலவையைத் தூவி, புட்டியிலோ பிளாஸ்டிக் பையிலோ போட்டு மூடிவைப்பார்கள். அடுத்து நடப்பது மாங்காய்த் துண்டில் உப்புப் போட்டால் நடப்பதுதான். வெளியே உப்பும் சர்க்கரையும் செறிந்திருப்பதால் முட்டைக்குள் இருக்கும் நீர் வெளியேறுகிறது. ஓரிரு மணி நேரத்தில் முட்டைகள் சுருங்கிச் சொதசொதவென்று கிடக்கும். புதிதாகச் செய்பவர்கள் இந்தக் கட்டத்தில் எல்லாம் பாழாகிவிட்டது என்று நினைத்துச் சாற்றைக் கொட்டிவிடுவதுண்டு. கொட்டக்கூடாது. பையை அவ்வப்போது புரட்டிக்கொண்டிருந்தால் உப்பு உள்ளே போகப்போக அந்தச் சாற்றின் பெரும்பகுதியை முட்டைகளே திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். ஓர் இரவு கழிந்தால் மணிமணியாக உப்பி, சாயத்தின் நிறத்தில் பளபளக்கும். வடித்து, தாள்மேல் சற்றே உலர்த்தி, குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் சில வாரங்களும் உறையவைத்தால் மாதக்கணக்கிலும் தாங்கும்.

கலவைதான் ஒவ்வொருவரின் இரகசியம். பாட்டியின் சம்பால் பக்குவத்தைப்போல யாரும் முழுதாகச் சொல்லமாட்டார்கள். ஆனால் அடிப்படைப் பொருள்கள் சிலவே. அயோடின் சேர்க்காத உப்பு நீரை இழுக்கிறது. சர்க்கரை முட்டையை மிருதுவாக வைக்கிறது. துணி துவைக்கப் பயன்படும் போராக்ஸ் தூள் மேல்தோலை இறுக்கிக் கிருமிகளைத் தடுக்கிறது. நிறத்துக்கு இளஞ்சிவப்பு, சிவப்பு, ஆரஞ்சுச் சாயங்கள். சிலர் ஜெல்லித் தூளையே போட்டுவிடுவார்கள். மணத்துக்குச் சோம்பு எண்ணெய், இறால் தூள். உணவில் போராக்ஸ் கலப்பதற்குச் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் தடை இருப்பது பலருக்குத் தெரிந்திருக்கும். இரைக்காகப் பதப்படுத்திய சினை இக்குராவைப் போலவே தோன்றினாலும் வாயில் வைக்கத்தக்கதல்ல.

கடைகளில் விற்கப்படும் ஆயத்தக் கலவைகள் பலவற்றில் இன்னொரு பொருளும் உண்டு. அது சோடியம் சல்ஃபைட். இது ஆக்சிஜனைப் பிடித்துக்கொள்வதால் சினை கறுக்காமல் நிறம் நிலைத்திருக்கும். உலர்ந்த பழங்கள் நிறம் மாறாமல் இருக்கச் சேர்க்கப்படும் சல்ஃபைட்டுகளும் இதே குடும்பம்தான். சல்ஃபைட் கலந்த சினையைச் சினூக் விரும்பிக் கவ்வுகிறது என்பது தூண்டில்காரர்கள் பலரின் அனுபவம். அதனால் தாராளமாகவே சேர்த்தார்கள்.

சிக்கல் அங்கேதான் இருந்தது. முள்ளில் மாட்டிய சினையைப் பெரிய மீன் மட்டும் தின்பதில்லை. ஸ்டீல்ஹெட் குஞ்சுகள் கடலுக்குப் போகும்முன் ஓராண்டு முதல் மூன்றாண்டுவரை ஆற்றிலேயே வளர்கின்றன. கோஹோ குஞ்சுகளும் ஏறக்குறைய ஓராண்டு இருக்கும். முள்ளிலிருந்து உதிர்ந்த முட்டை, கரையில் கொட்டிய மிச்சம், தக்கை அசையும்போது கொத்திக்கொண்டு ஓடிய துணுக்கு என எல்லாமே அவற்றின் வயிற்றுக்குப் போகின்றன.

ஓரிகன் மாநில மீன், வனவிலங்குத் துறையும் ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழகமும் 2010ஆம் ஆண்டையொட்டி இதை ஆராய்ந்தன. கடையில் கிடைக்கும் வெவ்வேறு கலவைகளில் பதப்படுத்திய முட்டைகளைச் சினூக், ஸ்டீல்ஹெட் குஞ்சுகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். சிலவற்றைத் தின்ற குஞ்சுகள் இறந்தன. எல்லாக் கலவைகளும் அப்படிச் செய்யவில்லை. பொருள்களைத் தனித்தனியாகச் சோதித்தபோது சோடியம் சல்ஃபைட்டின் மீதே பழி விழுந்தது.

அமெரிக்க மேற்குக் கரையில் சால்மன், ஸ்டீல்ஹெட் இனங்களின் 28 கூட்டங்கள் அருகிவரும் உயிரினச் சட்டத்தின் பாதுகாப்பில் இருக்கின்றன. அணைகள், காடழிப்பு, சூடேறும் ஆறுகள் ஆகியவற்றோடு ஒப்பிட்டால் தூண்டில் இரையின் பங்கு சிறியதுதான். அணையை ஒரு தனிமனிதர் இடிக்க முடியாது. பையிலிருக்கும் தூளை மாற்ற முடியும். ஆய்வு முடிவுகள் வெளிவந்தபின் அத்துறை தயாரிப்பாளர்களுடன் பேசியது. தயாரிப்பாளர்களில் சிலர் சல்ஃபைட்டின் அளவைக் குறைத்தார்கள். ‘சல்ஃபைட் இல்லை’ என்று அச்சிட்ட கலவைகளும் இப்போது கிடைக்கின்றன. போராக்ஸ், உப்பு, சர்க்கரை கலந்த பழைய வீட்டு முறைக்கே திரும்பியவர்களும் உண்டு. நிறம் சற்று மங்கல் என்பதைத் தவிர அதில் பெரிய குறை இல்லை.

அந்தப் பக்கம் பயணம் போகும்போது தூண்டில் போட நினைப்பவர்கள் உரிமம் எடுப்பதோடு அந்தந்த ஆற்றின் விதியையும் படிப்பது அவசியம். பிரிட்டிஷ் கொலம்பியாவில் பல ஆறுகளில் இயற்கை இரைக்கே தடை உண்டு. வாஷிங்டனிலும் சில பகுதிகளில் செயற்கை இரை மட்டுமே அனுமதி. சினையை மீன் ஆழமாக விழுங்கிவிடுவதால், விடுவிக்க வேண்டிய காட்டு ஸ்டீல்ஹெட்டை உயிரோடு விடுவது கடினமாகிறது என்பதும் இதற்குக் காரணம். அனுமதி இருக்கும் இடங்களிலும் நாள் முடிவில் மிஞ்சும் சினையை ஆற்றில் கொட்டாமல் கட்டியெடுத்துக் குப்பையில் போட வேண்டும். அடுத்த ஆண்டு கடலுக்குப் போகவேண்டிய குஞ்சுகள் அந்தக் கரையோரத் தேக்கத்தில்தான் இரை தேடிக்கொண்டிருக்கும்.