கொட்டாவி ஏன் தொற்றுகிறது?

தாயின் வயிற்றில் மூன்று மாதக் கருவாக இருக்கும்போதே கொட்டாவி விடத் தொடங்கிவிடுகிறோம். ஆனால், அடுத்தவர் விடுவதைப் பார்த்து நமக்கும் கொட்டாவி வர நாலைந்து வயதாக வேண்டியிருக்கிறது. கைக்குழந்தையின் முன் எத்தனை முறை வாயைப் பிளந்தாலும் அது வேடிக்கைதான் பார்க்கும். தானாக வரும் கொட்டாவி வேறு, தொற்றும் கொட்டாவி வேறு!

ஆக்சிஜன் குறைந்தால் கொட்டாவி வரும் என்று பலரும் நம்புகிறோம். அமெரிக்காவின் மேரிலாந்தில் பேராசிரியராக இருந்த ராபர்ட் புரொவைன் 1987இல் அதைச் சோதித்துப் பார்த்தார். மாணவர்களுக்குச் சுத்தமான ஆக்சிஜனைக் கொடுத்தார், கொட்டாவி குறையவில்லை. கரியமில வாயு 5 சதவீதம் கலந்த காற்றைக் கொடுத்தார். சாதாரணக் காற்றில் இருப்பதைவிட அது நூறு மடங்குக்கும் அதிகம். மூச்சு வேகமெடுத்தது, கொட்டாவி கூடவில்லை.

இனி தொற்றும் கொட்டாவிக்கு வருவோம். சோதனையில் கொட்டாவி விடும் முகத்தில் வாயை மட்டும் மறைத்துக் காட்டியபோதும், பார்த்தவர்களுக்குக் கொட்டாவி வந்தது. வாயை மட்டும் தனியே காட்டியபோது அந்த வேலை நடக்கவில்லை. இடுங்கும் கண்கள், இழுபடும் கன்னம், அண்ணாந்த தலை என முழு முகத்தையும் மூளை சேர்த்தே படிக்கிறது. சத்தம் கேட்டாலும் போதும், கொட்டாவியைப் பற்றிப் படித்தாலும் போதும்.

அடக்கினால் என்ன ஆகும்? இங்கிலாந்தின் நாட்டிங்காம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017இல் 36 பேருக்குக் கொட்டாவிக் காட்சிகளைப் போட்டுக் காட்டி, ‘அடக்கிக்கொள்ளுங்கள்’ என்றார்கள். வாய்க்காலில் அணை போட்டால் நீர் ஏறுவதுபோல, உந்துதல் ஏறிக்கொண்டே போனது. உடலசைவுகளுக்குக் கட்டளையிடும் மூளைப்பகுதிக்கு ‘இயக்கப் புறணி’ என்று பெயர். அது யாருக்கு எளிதில் தூண்டப்படுகிறதோ, அவரைக் கொட்டாவியும் எளிதில் பற்றிக்கொள்கிறது.

இந்தத் தொற்று மனிதரோடு நிற்பதில்லை. 2008இல் வெளியான ஓர் ஆய்வில், மனிதர் கொட்டாவி விடுவதைப் பார்த்த 29 நாய்களில் 21 நாய்கள் பதிலுக்குக் கொட்டாவி விட்டன. தனித்து வாழும் சிவப்புக்கால் ஆமையிடம் முயன்றபோது ஒன்றும் நடக்கவில்லை.

இதற்கெல்லாம் பயன் என்ன? தென்னாப்பிரிக்கக் காட்டுச் சிங்கங்கள் ஒரு நல்ல தடயம் தருகின்றன. படுத்திருக்கும் சிங்கம் ஒன்று கொட்டாவி விடுகிறது. பார்த்த சிங்கமும் விடுகிறது. முதலாவது எழுந்தால் இரண்டாவதும் எழுகிறது, நடந்தால் நடக்கிறது. கொட்டாவி தொற்றிய பிறகு இப்படி ஒத்து அசையும் வாய்ப்பு 11 மடங்கு கூடுவதாக 2021இல் வெளியான ஆய்வு சொல்கிறது. ஓய்வானாலும் புறப்பாடானாலும் கூட்டம் முழுவதும் ஒன்றாக இயங்க, சத்தமில்லாத ஏற்பாடாக இது இருக்கலாம்.

மனிதரிடமும் அந்நியரைவிட நண்பரிடமிருந்தும், நண்பரைவிட உறவினரிடமிருந்தும் கொட்டாவி அதிகம் தொற்றுவதை இத்தாலிய ஆய்வாளர்கள் 2011இல் பதிவு செய்தார்கள். எனவே, நீங்கள் பேசும்போது எதிரில் இருப்பவர் கொட்டாவி விட்டால் கோபப்படாதீர்கள். அவர் பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்று பாருங்கள்.