சீன மொழியில் 'என்னைவிட ரொம்ப உயரம்' என்றால் ஏன் தப்பு?

"அவன் என்னைவிட ரொம்ப உயரம்." தமிழில் இதில் ஒரு குறையும் இல்லை. சீனத்தில் இதையே சொல்லுக்குச் சொல் மாற்றிப் பாருங்கள், ஆசிரியர் சிவப்பு மையால் சுழித்துவிடுவார். குற்றவாளி, 'ரொம்ப' என்று நினைத்து நீங்கள் நுழைத்த 'ஹென்' என்ற குட்டிச் சொல்.

'ரொம்ப'வை இப்போதைக்கு விட்டுவிட்டால், சரியான வாக்கியம்: 'தா பி வோ காவ்'. தா அவன், வோ நான், காவ் உயரம். நம் 'விட' செய்யும் வேலையை 'பி' செய்கிறது. நாம் பின்னால் வைப்பதை அவர்கள் முன்னால் வைக்கிறார்கள், அவ்வளவுதான்.

இப்போது வீட்டுப் பிள்ளைகள் இருவரை முதுகோடு முதுகாக நிறுத்துங்கள். எதைப் பார்ப்பீர்கள்? இரண்டு தலைக்கும் நடுவே உள்ள இடைவெளியை. அதுதான் 'பி'.

'ஹென்' தனியாக நிற்கும் பிள்ளைக்கு உரியது. 'தா ஹென் காவ்' என்றால் 'அவன் உயரம்'. அகராதி 'மிக' என்று சொன்னாலும், இங்கே அந்த அழுத்தம் பெரும்பாலும் கரைந்துவிடும். அதை எடுத்துவிட்டு வெறும் 'தா காவ்' என்றால், "யாரைவிட?" என்று கேட்கத் தோன்றும்! ஆக, 'ஒப்பிடவில்லை' என்று சொல்லும் சொல் அது. 'பி'யோடு எப்படி ஒத்துப்போகும்?

இடைவெளியின் அளவைக் கடைசியில் சொல்ல வேண்டும். கொஞ்சம் என்றால் 'காவ் யீ தியென்', நிறைய என்றால் 'காவ் த துவோ'.

'காவ்'க்கு முன்னால் 'இன்னும்' என்று பொருள்படும் 'கெங்' போடலாமே? போடலாம். ஆனால் "நானும் உயரம்தான், அவன் அதற்கும் மேல்" என்ற தொனி வந்துவிடும். குள்ளமானவர் சொன்னால் எதிரில் இருப்பவர் ஏற இறங்கப் பார்ப்பார்.