உடைந்த போல்ட்டை எஞ்சினிலிருந்து அகற்றுதல்

உடைந்த போல்ட்டை அகற்றுதல் என்பது, தலைப்பகுதி முறிந்து எஞ்சினின் துளைக்குள் சிக்கிக்கொண்ட போல்ட்டின் (மரையாணியின்) மீதித் துண்டை, துளையின் மரைக்குச் சேதம் வராமல் வெளியே எடுக்கும் பழுதுபார்ப்பு வேலை ஆகும். கார் எஞ்சின்களில் எக்சாஸ்ட் மேனிஃபோல்டு, நீர் பம்பு, தெர்மோஸ்டாட் உறை, ஆயில் சம்பு ஆகியவற்றைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளே பெரும்பாலும் இவ்வாறு முறிகின்றன. போல்ட்டின் விலை மிகக் குறைவு. ஆனால் அது சிக்கியிருக்கும் சிலிண்டர் ஹெட் எஞ்சினின் விலை உயர்ந்த பாகங்களுள் ஒன்று. எனவே துண்டை எடுப்பதைவிட, எடுக்கும்போது ஹெட்டைக் கெடுக்காமல் இருப்பதே இவ்வேலையில் முக்கியமானது.

முறிவதற்கான காரணங்கள்

துரு முதல் காரணம். இரும்பு துருப்பிடிக்கும்போது அதன் கன அளவு கூடுகிறது. மரைகளுக்கு இடையே உருவாகும் துரு இடமின்றி நெருக்கி, ஆப்பு வைத்ததுபோல் போல்ட்டை இறுக்குகிறது. எக்சாஸ்ட் பகுதியில் போல்ட்டுகள் ஒவ்வொரு ஓட்டத்திலும் சூடாகிக் குளிர்வதால் இது விரைவில் நிகழ்கிறது.

அலுமினிய ஹெட்டில் எஃகு போல்ட் இருந்து, இடையில் ஈரமும் சேர்ந்தால் மின்வேதி அரிப்பு ஏற்படுகிறது. அப்போது உண்டாகும் வெண்ணிறப் பொடியான அலுமினிய ஆக்சைடு மரையை அடைத்துக்கொள்கிறது. இவை தவிர, அளவுக்கு மீறி இறுக்குதல், அடிமூடிய துளையில் நீளமான போல்ட்டைப் போட்டு அடியில் முட்டவிடுதல், நீண்டகால அதிர்வால் உலோகம் களைத்தல் ஆகியனவும் காரணங்களாகும்.

முறிந்த விதம் காட்டும் குறிப்பு

எந்த முறையைக் கையாள்வது என்பதை, போல்ட் எப்போது முறிந்தது என்பதே பெரும்பாலும் முடிவு செய்கிறது. இறுக்கும்போது முறிந்ததென்றால், தலை போனவுடன் போல்ட்டின் இழுவிசை நீங்கிவிடும். உள்ளே இருக்கும் துண்டு தளர்வாகவே இருக்கும். கூரான ஊசியால் விளிம்பைத் தள்ளியே சில வேளைகளில் அதைச் சுழற்றி எடுக்கலாம். அதிர்வால் முறிந்த துண்டும் பெரும்பாலும் இப்படியே வரும்.

கழற்றும்போது முறிந்ததென்றால் நிலைமை வேறு. முழு போல்ட்டையே முறிக்கும் அளவுக்கு மரை இறுகியிருக்கிறது என்று பொருள். துண்டின் நடுவே துளையிட்டு உள்ளே செருகப்படும் எக்ஸ்ட்ராக்டர் அந்த போல்ட்டைவிட மெல்லியது. போல்ட்டால் தாங்க முடியாத முறுக்கை அதனாலும் தாங்க முடியாது. ஆகவே முதலில் பிடிப்பைத் தளர்த்திவிட்டுப் பிறகே சுழற்ற வேண்டும்.

தயாரிப்பு

எஞ்சின் முழுவதும் ஆறிய பிறகே வேலை தொடங்கப்படுகிறது. பேட்டரியின் எதிர்முனை கழற்றப்படுகிறது. காரை உயர்த்த வேண்டியிருந்தால், ஜாக்கியை மட்டும் நம்பாமல் தாங்கு ஸ்டாண்டுகளின் மேல் நிறுத்தப்படுகிறது. கண்ணாடி அணிவது கட்டாயம். அருகிலுள்ள காற்று வழிகளையும் புகை வழிகளையும் துணியால் அடைத்தால் உலோகத் துகள் உள்ளே விழாது. சில போல்ட் துளைகள் குளிர்நீர் அறைக்குள் திறப்பவை. அப்படிப்பட்ட இடங்களில் கூலன்ட் முன்கூட்டியே வடிக்கப்படுகிறது.

குளோரின் கலந்த பிரேக் கிளீனரால் துடைத்த இடத்தைச் சூடாக்கக் கூடாது. வெப்பத்தில் அது பாஸ்ஜீன் என்ற நச்சு வாயுவை உண்டாக்கலாம். பெட்ரோல் குழாய்களுக்கு அருகில் தீச்சுடரைப் பயன்படுத்துவதும் ஆபத்தானது.

அகற்றும் முறைகள்

சேதம் குறைவான முறையிலிருந்து தொடங்கி, தேவைப்பட்டால் மட்டும் அடுத்ததற்குச் செல்வது வழக்கம்.

1. வெளியே நீட்டியிருக்கும் துண்டு: துண்டு சில மில்லிமீட்டர் வெளியே தெரிந்தால் பூட்டுக் குறடால் பிடித்துச் சுழற்றலாம். இரு பக்கங்களை அரத்தால் தட்டையாக்கினால் ஸ்பேனர் பிடிக்கும். மரை போதிய நீளம் வெளியே இருந்தால், இரண்டு நட்டுகளை ஒன்றோடொன்று இறுக்கி, உள்பக்க நட்டைக் கழற்றும் திசையில் திருப்பலாம். ஒரே வீச்சில் கழற்றாமல், சிறிது தளர்த்தி, சிறிது இறுக்கி, மீண்டும் தளர்த்துவது நல்லது. இதனால் துரு பொடியாகி வெளியேறும்.

2. எண்ணெயும் தட்டலும்: ஊடுருவும் எண்ணெயை விட்டுப் பல மணி நேரம், முடிந்தால் ஓர் இரவு, ஊறவிட வேண்டும். இடையிடையே பஞ்ச்சை வைத்துத் துண்டின் முகத்தில் சுத்தியலால் மெல்லத் தட்டினால் அதிர்வு துருவை விரிசலாக்கி எண்ணெய்க்கு வழிவிடும்.

3. வெப்பம்: அலுமினியம் சூட்டில் எஃகைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு விரிகிறது. 8 மி.மீ. துளையைச் சுற்றிய பகுதியை 150 டிகிரி செல்சியஸ் கூடுதலாகச் சூடாக்கினால், துளை போல்ட்டைவிடச் சுமார் 0.013 மி.மீ. அதிகம் அகலும். அளவு சிறிதுதான் என்றாலும் பிடிப்பைக் குறைக்க உதவும். வார்ப்பிரும்பு எஃகைப்போலவே விரிவதால், அங்கே இரண்டையும் சேர்த்துச் சூடாக்குவதில் பெரிய பயன் இல்லை. அலுமினியம் சுமார் 660 டிகிரியில் உருகும், அதற்கு முன் நிறம் மாறிச் சிவக்காது. ஆகவே தீச்சுடரை ஒரே இடத்தில் நிறுத்தக் கூடாது.

4. நட்டை வெல்டிங் செய்தல்: துண்டின் மேல் ஒரு நட்டை வைத்து, அதன் நடுத்துளை வழியே வெல்டிங் செய்து இணைப்பது மிகவும் நம்பகமான முறைகளுள் ஒன்று. பிடித்துத் திருப்பப் புதிய தலை கிடைப்பதோடு இன்னொரு பயனும் உண்டு. சிவக்கச் சூடேறும் துண்டு விரிய இடமின்றி நசுங்குகிறது. குளிரும்போது முன்னைவிடச் சற்றுச் சுருங்கித் துருவின் பிடியிலிருந்து விடுபடுகிறது. உருகிய எஃகு அலுமினியத்தில் எளிதில் ஒட்டாது என்பதால், துண்டு சற்று உள்ளே இருந்தாலும் இம்முறை பயன்படும். வெல்டிங் இயந்திரம் இல்லாதவர்கள் இந்த ஒரு வேலைக்கு மட்டும் வெல்டரை அழைப்பதுண்டு.

5. இடச்சுற்று டிரில் பிட்: துளையிட வேண்டிய நிலை வந்தால், முறிந்த முகத்தை முதலில் தட்டையாக்கி, சரியான நடுவில் சென்டர் பஞ்ச்சால் குழி போடப்படுகிறது. நடுப்புள்ளி விலகினால் டிரில் கடினமான எஃகைவிட்டு மென்மையான அலுமினியத்துக்குள் சரிந்து, துளையின் மரையைத் தின்றுவிடும். துண்டு ஆழத்தில் இருந்தால், துளைக்குள் பொருந்தும் சிறு குழாய் ஒன்றை வழிகாட்டியாக வைப்பது உதவும். குறைந்த வேகத்தில், எண்ணெய் விட்டு, 3 மி.மீ. பிட்டிலிருந்து படிப்படியாகப் பெரிதாக்க வேண்டும். இடப்பக்கம் சுழலும் பிட் போல்ட்டைக் கழற்றும் திசையிலேயே இழுப்பதால், பாதித் துளையிலேயே துண்டு வெளியே வந்துவிடுவதும் உண்டு.

6. எக்ஸ்ட்ராக்டர்: துளைக்குள் செருகி எதிர்த்திசையில் திருப்பப்படும் கூம்பு வடிவக் கருவி இது. முன்னமே தளர்ந்திருக்கும் துண்டுக்கே ஏற்றது. சுருள் வரியுள்ள வகை உள்ளே இறங்க இறங்கத் துண்டை வெளிப்புறமாக விரித்து மேலும் இறுக்கும். நேர்வரி வகையில் இது குறைவு. கருவி முறுக்கிக்கொடுத்து வளைவதாகத் தெரிந்தால் உடனே நிறுத்திவிட்டு, மீண்டும் வெப்பத்துக்கும் எண்ணெய்க்கும் திரும்ப வேண்டும்.

7. முழுவதும் துளைத்தெடுத்தல்: மற்றவை பயன்தராதபோது, துண்டின் நடுவே மரையின் உள்விட்டம் வரை துளையைப் பெரிதாக்கலாம். டேப் போடுவதற்கான துளையின் அளவு எம்6 × 1.0 மரைக்கு 5.0 மி.மீ., எம்8 × 1.25 மரைக்கு 6.8 மி.மீ., எம்10 × 1.5 மரைக்கு 8.5 மி.மீ. ஆகும். துளை நடுவில் அமைந்திருந்தால், மீதமுள்ள எஃகு சுருள் கம்பிபோல் மரையிலிருந்து உரிந்து வரும்.

நிறுத்த வேண்டிய கட்டம்

எக்ஸ்ட்ராக்டரும் டேப்பும் கடினப்படுத்தப்பட்ட எஃகால் ஆனவை. அவை உள்ளே உடைந்தால் சாதாரண டிரில் பிட் அவற்றை வெட்டாது. அந்நிலையில் வீட்டு முயற்சியைத் தொடர்வது ஹெட்டையே இழக்கச் செய்யலாம். மின்பொறியால் உலோகத்தை அரித்தெடுக்கும் இயந்திரம் உள்ள பட்டறைகளில், சுற்றியுள்ள மரைக்குச் சேதமின்றி அத்துண்டை நீக்க முடியும். டிரில் நடுவிலிருந்து விலகத் தொடங்கினாலும், துளைக்குப் பின்னால் குளிர்நீர் அறையோ எண்ணெய் வழியோ இருந்தாலும் அங்கேயே நிறுத்துவது நல்லது.

எக்சாஸ்ட் போல்ட் ஒன்று இல்லாமலே காரை ஓட்டுவதும் சரியான தீர்வு அல்ல. அந்த இடைவெளியில் கசியும் புகையில் கார்பன் மோனாக்சைடு உள்ளது. அது காருக்குள் புகுந்தால் உயிருக்கே ஆபத்து.

மரையைச் சீர்செய்து மீண்டும் பூட்டுதல்

துண்டு வந்தபின் மரையைத் தூய்மைப்படுத்தி, துகள்களைக் காற்றால் ஊதி அகற்ற வேண்டும். மரை கெட்டிருந்தால், துளையைச் சற்றுப் பெரிதாக்கி, புதிய மரை வெட்டி, எஃகுக் கம்பிச் சுருளாலான மரைச் செருகியைப் பொருத்தலாம். அலுமினியத்தில் இது பழைய மரையைவிட உறுதியாகவே இருக்கும்.

அடிமூடிய துளைக்குள் எண்ணெயோ நீரோ தேங்கியிருக்கக் கூடாது. போல்ட் இறங்கும்போது அகப்பட்ட திரவம் அழுத்தப்பட்டு வார்ப்பு வெடிக்கக்கூடும். புதிய போல்ட்டை முதலில் கையால் திருகி, பின்னர் தயாரிப்பாளரின் கையேட்டில் உள்ள அளவுக்கு டார்க் ரெஞ்சால் இறுக்க வேண்டும். மரை சிக்காமலிருக்கப் பூசும் பசை உராய்வைக் குறைக்கிறது. உலர்ந்த மரைக்குச் சொல்லப்பட்ட அளவை அப்படியே பயன்படுத்தினால் போல்ட் அளவுக்கு மீறி இழுபட்டு மீண்டும் முறியலாம்.