கைத்தொழிலோடு ஒரு சான்றிதழும் வேண்டும்

மும்பைத் தமிழ்க் குடும்பங்களில் பிள்ளை பத்தாவது முடித்ததும் இரண்டு யோசனைதான் எழுகிறது. எப்படியாவது ஒரு பட்டம். இல்லையேல் தெரிந்தவர் பட்டறையில் எடுபிடி வேலை. இவ்விரண்டுக்கும் நடுவே உள்ள நல்ல வழியை, தொழிற்பயிற்சி நிலையமொன்றில் பயிற்றுநராக இருந்தவன் என்ற முறையில் எடுத்துச்சொல்ல விரும்புகிறேன்.

ஐ.டி.ஐ. படிப்புக்கான மத்திய அரசின் திட்டம் 1950இல் தொடங்கியது. பிட்டர், எலக்ட்ரீஷியன் பிரிவுகளுக்கு இரண்டு ஆண்டுகள், வெல்டருக்கு ஓராண்டு. அகில இந்தியத் தொழில் தேர்வில் தேறினால் தேசியத் தொழில் சான்றிதழ் கிடைக்கும். அது நாடெங்கும் செல்லும். பிழைப்புக்காக ஊர் மாறும் நமக்கு இதுவே பெரிய பலம்.

பட்டறையில் கற்ற தொழிலை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அதன் மதிப்பு அந்த முதலாளி அறிந்த அளவுதான். மோட்டார் வைண்டிங்கில் கைதேர்ந்த இளைஞர் ஒருவரை நான் அறிவேன். பட்டறை மூடப்பட்டதும் ஒரு தொழிற்சாலைக்குப் போனார். அவர் வேலையைப் பார்க்கவே இல்லை. சான்றிதழ் இல்லையென்று வாசலிலேயே திருப்பிவிட்டார்கள்.

ஐ.டி.ஐ. முடித்தவர்கள் 1961ஆம் ஆண்டின் அப்ரண்டிஸ் சட்டப்படி உதவித்தொகையுடன் தொழில் பழகலாம். நம் மாதுங்கா ரயில்வே பணிமனையிலும் இப்படிச் சேர்க்கிறார்கள். எழுத்துத் தேர்வு இல்லை, பத்தாவது, ஐ.டி.ஐ. மதிப்பெண்களே கணக்கு. வேலைக்கு இது உத்தரவாதம் அல்ல. எனினும் ரயில்வேயின் கடைநிலைப் பணிகளில், ரயில்வேயிலேயே அப்ரண்டிஸ் முடித்தவர்களுக்கு 20 சதவீத இடம் உண்டு.

இன்னொரு பயனும் உண்டு. மராத்திப் பிள்ளைகளோடு ஒரே மேசையில் அரம் பிடித்துப் பழகும்போது மொழி தானாக வருகிறது. "மதராசிப் பையன்" என்று அழைக்கப்பட்டவன், "எலக்ட்ரீஷியன்" என்று அழைக்கப்படுகிறான். பெண் பிள்ளைகளுக்கு 30 சதவீத இடங்கள் இருப்பதையும் மறக்க வேண்டாம்.

பெற்றோர் கவனிக்க: விண்ணப்பத்துக்கு முன்பே இருப்பிடச் சான்றிதழை வாங்கி வையுங்கள். தமிழ்நாட்டில் பெற்ற சாதிச் சான்றிதழ் இம்மாநில இடஒதுக்கீட்டுக்குப் பயன்படாது. ஆகவே பொது இடத்துக்குப் போட்டியிடும் அளவுக்குப் பத்தாவதிலேயே நல்ல மதிப்பெண் தேவை. ஏற்கெனவே வேலை பார்க்கும் இளைஞர்களும், உரிய அனுபவச் சான்று இருந்தால், தனித்தேர்வராக அகில இந்தியத் தொழில் தேர்வை எழுத வழியுண்டு. அருகிலுள்ள அரசு ஐ.டி.ஐ.யில் விசாரியுங்கள்.