செருகுநிரலும் அதன் பொதியும்

கனகம்மாசத்திரத்திற்கு அருகிலுள்ள திருவாலங்காட்டில் 1905ஆம் ஆண்டு கண்டெடுக்கப்பெற்ற செப்பேடுகளை நாம் அறிவோம். முதலாம் இராசேந்திர சோழன் வழங்கிய அவ்வேடுகள் 31. அவை ஒரே வளையத்திற் கோக்கப்பெற்றவை. வளையத்தில் அரச இலச்சினை உண்டு. ஏடு சிதறாமைக்கு வளையம்; ஐயம் எழாமைக்கு இலச்சினை. கணிப்பொறி வழி வரைபடம் ஆக்கும் துறையிலும் இவ்விரண்டும் இன்றியமையாதன.

1982இல் வெளிவந்த ஆட்டோகேட், பொறியியல் வரைபடம் வரையும் மென்பொருளாகும். ஒரு பட்டறைக்கே உரிய தேவைகள் யாவும் அதில் அமைந்திரா. வரைபடத்திலுள்ள துளைகளை எண்ணிப் பட்டியலிடுதல் போன்ற பணிக்கென நாமே எழுதிச் சேர்க்கும் சிறு நிரலே செருகுநிரல். அதனை எழுத ஆட்டோலிஸ்ப் என்னும் மொழி 1986 முதல் உண்டு. பின்னர் டாட்நெட் வழியும் வந்தது.

எழுதியவர் கணிப்பொறியில் இயங்கும் நிரல் அடுத்த மேசையில் இயங்காமற்போவது ஏன்? துணைக்கோப்பு அங்கில்லாமையும் மென்பொருட் பதிப்பு வேறாயிருத்தலுமே பெரும்பாலும் காரணம். அதற்கான தீர்வே பொதி. ‘பண்டில்’ என்று பெயர் முடியும் ஒரு கோப்புறையில் நிரலும் அதன் துணைக்கோப்புகளும் இடம்பெறும். உடனிருக்கும் எக்ஸ்எம்எல் கோப்பு, உள்ளே இருப்பவை எவை, எப்பதிப்பு முதல் எப்பதிப்பு வரை பொருந்தும் என்று அறிவிக்கும். கோப்புறையை ‘அப்ளிகேஷன் பிளகின்ஸ்’ என்னும் இடத்தில் வைத்தால், ஆட்டோகேட் தொடங்கும்போதே கண்டு ஏற்றிக்கொள்ளும்.

பதிப்பெல்லை குறிப்பது வெறும் சடங்கன்று. 2024இல் வந்த ஆட்டோகேட் 2025, டாட்நெட் 8க்கு மாறியது. பழைய டாட்நெட் ஃபிரேம்வொர்க்கில் ஆக்கியவற்றை அதற்கேற்பப் புதுக்க நேர்ந்தது. பழையதும் புதியதும் ஒரே பொதியில் இருந்து, எல்லையும் குறிக்கப்பட்டிருப்பின், உரியது மட்டும் ஏறும்.

இனி, இலச்சினை. 2012இல் பெரு நாட்டில் மிகுதியாகப் பரவிய மெட்ரே என்னும் ஆட்டோலிஸ்ப் புழு, பிறர் வரைபடங்களைத் திருடி மின்னஞ்சலில் அனுப்பியது. பின்வந்த பதிப்புகள் நம்பகமற்ற இடத்து நிரலை ஏற்றுமுன் எச்சரிக்கலாயின. ஆக்கியவர் இன்னார் என்பதையும், இடையில் எவரும் மாற்றவில்லை என்பதையும் மின்னணுக் கையொப்பம் உறுதிசெய்யும்.

மாணவச் செல்வங்களே! நிரலை எழுதுவதோடு பணி முடிவதில்லை. மூலநிரலும் பொதியும் குறிப்பும் இல்லையேல், ஆக்கியவர் பணிமாறிச் சென்றதும் அவர்தம் உழைப்பு முடங்கும். அடுத்தவர் கையிலும் இயங்குவதே கருவி. அவ்வாறு ஒப்படைத்தலே ஆக்கியவர் கடன்.