கியர் விழவில்லையா? முதலில் கிளட்சைக் கேளுங்கள்

சென்ற ஆண்டு ஆடி மாதத்தில் எங்கள் வீட்டு லாரியின் கியர்பாக்ஸைக் கழற்றிப் பிரித்துப் போட்டார்கள். நான்கு நாட்கள் வண்டி பட்டறையில் நின்றது. உள்ளே பல்சக்கரங்கள் எல்லாம் நன்றாகவே இருந்தன. மறுபடி பூட்டிய பிறகும் கியர் முன்போலவே கரகரவென்று பல்லைக் கடித்தது. ஐந்தாம் நாள் முதியவரான வேறொரு மெக்கானிக் வந்தார். அவர் ஸ்பானரைக் கையில் எடுக்கவே இல்லை. கிளட்ச் மிதியை நாலைந்து முறை மிதித்துப் பார்த்துவிட்டு, "கியர்பாக்ஸ் என்னங்க பண்ணும், பாவம்! கிளட்ச்சு விடலீங்க" என்றார். கிளட்சின் சிலேவ் சிலிண்டருக்குள் இருக்கும் ஒரு சின்ன ரப்பர் கப் தேய்ந்திருந்தது. குற்றம் அவ்வளவுதான். ஆனால் நான்கு நாள் வாடகையும் கழற்றிப் பூட்டிய கூலியும் போனது போனதுதான். அந்த மாதத் தவணை கட்ட அம்மாவின் வளையல் அடகுக் கடைக்குச் சென்றது.

"பெண்கள் பள்ளி மலரில் லாரிக்கு என்ன வேலை?" என்று சில தோழியர் கேட்கக் கூடும். நாமக்கல் வட்டாரத்தில் இருந்துகொண்டு அப்படிக் கேட்கலாமா? லாரி ஓடினால்தான் அடுப்பெரியும் வீடுகளிலிருந்து நம் வகுப்பிலேயே எத்தனை பேர் வருகிறோம்!

இன்ஜின் ஓடும்போது அதன் பின்புறமுள்ள கனத்த பிளைவீல் சுழன்றுகொண்டே இருக்கிறது. அதற்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே இருப்பது கிளட்ச் பிளேட். இரு உள்ளங்கைகளுக்கு நடுவே ஒரு தட்டை இறுக்கிப் பிடிப்பது போல, பிளைவீலும் பிரஷர் பிளேட்டும் அதை இறுக்கிப் பிடித்திருக்கின்றன. மிதியை அழுத்தினால் பிடி தளர்கிறது. இன்ஜினின் சுழற்சி கியர்பாக்ஸுக்குப் போகாமல் நிற்கிறது. அந்த இடைவேளையில்தான் கியர் மாற்ற வேண்டும். அறிவியல் பாடத்தில் உராய்வின் நன்மை தீமைகளைப் படிக்கிறோம் அல்லவா? கிளட்சுக்கு உராய்வே உயிர். அதை அடுத்த பெட்டியிலோ உராய்வைக் குறைக்கவே எண்ணெய் ஊற்றுகிறோம்.

கியர் விழவில்லை என்றால் இரண்டு பேரில் ஒருவர் குற்றவாளி. யார் என்று அறிய, சமதரையில் வண்டியை நிறுத்திச் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, இன்ஜினை அணைத்துவிட்டு ஒவ்வொரு கியராகப் போட்டுப் பார்க்க வேண்டும். அணைத்திருக்கும்போது எல்லாக் கியரும் எளிதாக விழுந்து, ஓடும்போது மட்டும் முரண்டு பிடித்தால், பெரும்பாலும் கிளட்ச் முழுதாக விடவில்லை என்று பொருள். அணைத்திருக்கும்போதும் இறுக்கமாக இருந்தால் கியர் ராடு, அதன் புஷ்கள், பிறகு கியர்பாக்ஸின் உட்புறம் என்று தேடலாம். இந்தச் சோதனைக்குக் காலணா செலவில்லை. எங்கள் வண்டிக்கு இதை யாரும் செய்யவில்லை.

அடுத்தது ரிவர்ஸ் சோதனை. இன்ஜினை மெதுவாக ஓடவிட்டு, கிளட்சை முழுவதும் மிதித்து, ஐந்து எண்ணும் வரை பொறுத்து ரிவர்ஸ் போட வேண்டும். கிளட்ச் சரியாக விட்டிருந்தால் அதற்குள் கியர்பாக்ஸின் முதல் தண்டு சுழற்சி ஓய்ந்திருக்கும்; கியர் சத்தமின்றி விழும். கரகரத்தால் தண்டு இன்னும் இழுபட்டுச் சுற்றுகிறது. ரிவர்ஸை ஏன் தேர்ந்தெடுக்கிறார்கள் என்றால், முன்செல்லும் கியர்களில் சுழல் வேகங்களைச் சமன் செய்யும் சிங்க்ரோமெஷ் வளையங்கள் இருந்து ஓரளவு குற்றத்தை மறைத்துவிடும். 1928ஆம் ஆண்டு அமெரிக்காவின் கேடிலாக் காரில் வந்த இந்த அமைப்பு ரிவர்ஸுக்குப் பெரும்பாலும் கிடையாது. ஆகவே ரிவர்ஸ் பொய் சொல்லாது.

மிதியை இரண்டு மூன்று முறை அடுத்தடுத்து மிதித்தபின் கியர் விழுகிறதா? முதியவர் கண்டுபிடித்தது இதைத்தான். மிதியின் அழுத்தத்தை மாஸ்டர் சிலிண்டரிலிருந்து சிலேவ் சிலிண்டருக்குக் கொண்டு செல்வது பிரேக் ஆயில். திரவம் சுருங்காது, காற்று சுருங்கும். ரப்பர் தேய்ந்து ஆயில் கசிந்து குழாயில் காற்று புகுந்தால், நம் கால் பலமெல்லாம் காற்றைச் சுருக்குவதிலேயே தீர்ந்துவிடும். சிலிண்டர்களின் ஓரத்தில் ஈரம் இருக்கிறதா என்று துணியால் துடைத்துப் பார்க்க வேண்டும். கப்பை மாற்றிக் காற்றெடுத்தால் சரியாகும். அவசரத்துக்கு இன்ஜின் ஆயிலை ஊற்றுபவர்களும் உண்டு. அதில் ரப்பர் ஊதிக் கெட்டுப்போகும்.

கசிவும் காற்றும் இல்லையென்றால், மிதியின் தொய்வு அளவுக்கு மீறியிருக்கலாம். பிளேட் வளைந்திருக்கலாம். மழைக்காலத்தில் பல நாள் நின்ற வண்டியில் பிளேட் துருவேறிப் பிளைவீலோடு ஒட்டிக்கொள்வதும் உண்டு. ஒரே ஒரு கியர் மட்டும் தகராறு செய்தால் அதற்குரிய சிங்க்ரோ வளையம் தேய்ந்திருக்கலாம். அப்போது பெட்டியைத் திறப்பதில் நியாயம் இருக்கிறது. அதற்கு முன் கியர் ஆயிலின் அளவைப் பார்ப்பது நல்லது.

கிளட்சுக்கு இதற்கு நேர் எதிரான நோயும் வரும். லோடுடன் மேட்டில் ஏறும்போது இன்ஜின் உறுமும், வண்டி நகராது, கருகிய வாடை வரும். அது பிடிக்காத கிளட்ச். பிளேட் தேய்ந்தோ, அதன்மேல் எண்ணெய் பட்டோ, மிதியில் தொய்வே இல்லாமலோ இப்படி ஆகும். மிதிமேல் எப்போதும் காலை வைத்து ஓட்டும் பழக்கமும் பிளேட்டைத் தின்றுவிடும். மிதித்தால் மட்டும் கேட்கும் இரைச்சல் ரிலீஸ் பேரிங்கினுடையதாக இருக்கலாம். நியூட்ரலில் காலை எடுத்தால் கேட்டு, மிதித்தால் நிற்பது கியர்பாக்ஸ் பேரிங்கினுடையதாக இருக்கலாம்.

பணம் ஒருபுறம் இருக்கட்டும். கொல்லிமலைப் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. மரவள்ளிக் கிழங்கு ஏற்றி இறங்கும் வண்டியில் மூன்றாவது கியரை எடுத்து இரண்டாவதைப் போட முயன்று, அது விழாவிட்டால் வண்டி நியூட்ரலில் ஓடும். இன்ஜின் பிடித்து நிறுத்தும் உதவி போய்விடும். பாரம் முழுவதும் பிரேக்கின் மேல் விழ, டிரம் சூடேறிப் பிடிமானம் குறையும். அதனால்தான் பழகிய ஓட்டுநர்கள் மலை உச்சியிலேயே நிறுத்திச் சிறிய கியரைப் போட்டு அதிலேயே இறங்குகிறார்கள்.

வளையல் கார்த்திகையில் வீடு திரும்பியது. இப்போது லோடு ஏற்றப் புறப்படும் நாளில் எங்கள் அப்பா வாசலிலேயே கிளட்சை மிதித்துக்கொண்டு, "எண்ணுங்க கண்ணுகளா" என்பார். ஒன்று முதல் ஐந்து வரை எண்ணுவது நாங்கள்.