ஒத்திசைவும் காப்புப்பிரதியும்: இரு முகிற் சேமிப்புகளில் ஒரே கோப்புறை

கள ஆய்வுக் குறிப்புகள், நேர்காணல் ஒலிப்பதிவுகள், ஆவணங்களின் நிழற்படங்கள் என ஆய்வாளர் ஒருவரின் பல்லாண்டு உழைப்பு இன்று கணினியின் ஒரு கோப்புறைக்குள் அடங்கிவிடுகின்றது. அதனைக் காக்கும் பொருட்டு அதே கோப்புறையை டிரொப்பொக்ஸ், கூகிள் டிரைவ் போன்ற இரு முகிற் சேமிப்புச் சேவைகளுடன் இணைத்துவைப்போர் உளர். ஒன்று கைவிடினும் மற்றது காக்கும் என்பது அவர்தம் நம்பிக்கை. இந்நம்பிக்கை எத்துணை பொருத்தமுடையது என்பதை ஒத்திசைவின் இயங்குமுறையை ஆதாரமாகக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

டிரொப்பொக்ஸ் 2008ஆம் ஆண்டிலும் கூகிள் டிரைவ் 2012ஆம் ஆண்டிலும் பொதுப் பாவனைக்கு வந்தன. இவை போன்ற சேவைகளின் அடிப்படைத் தத்துவம் ஒன்றே. கணினியிலுள்ள நிலை, சேவையகத்திலுள்ள நிலை, இரண்டும் இறுதியாக உடன்பட்டிருந்த நிலை ஆகிய மூன்றையும் ஒத்திசைவுச் செயலி ஒப்பிடுகின்றது. மூன்றாவது நிலை பற்றிய பதிவு இன்றியமையாதது. ஒரு கோப்பு ஓரிடத்தில் இருந்து மற்றோரிடத்தில் இல்லையெனில், அது புதிதாகச் சேர்ந்ததா அன்றி நீக்கப்பட்டதா என்பதை அப்பதிவே தீர்மானிக்கின்றது.

சிக்கலின் தோற்றுவாயும் இதுவே. ஒரே கோப்புறையில் இரு செயலிகள் இயங்கும்போது ஒவ்வொன்றும் தனக்கெனத் தனிப் பதிவை வைத்துள்ளது. மற்றதன் இருப்பை அறியாது. முதற் சேவையின் ஊடாக ஒரு கோப்பு நீக்கப்பட்டால் அது கணினியிலிருந்து மறைகின்றது. இரண்டாவது செயலி அதனைப் பயனரே நீக்கினார் எனக் கொண்டு, தன் சேவையகத்திலிருந்தும் நீக்கிவிடுகின்றது. நீக்கிய கோப்புகளை இச்சேவைகள் தனிநபர் கணக்குகளில் பொதுவாக 30 நாட்கள் மட்டுமே வைத்திருக்கும். இழப்பு அதன் பின்னரே கவனத்திற்கு வருமாயின் இரு சேவைகளும் ஒருங்கே வெறுமையாகியிருக்கும்.

கணினிகளும் இரண்டாயின் நிலைமை மேலும் சிக்கலடைகின்றது. முதற் கணினியிற் செய்த திருத்தம் ஒரு சேவையின் வழியாக இரண்டாவது கணினியை முந்தி அடைகின்றது. மற்றைச் சேவையின் செயலி அதனை அங்கேயே செய்யப்பட்ட புதிய திருத்தமாகக் கருதக்கூடும். அதே திருத்தம் அதன் வழியாகவும் வந்துசேரும்போது முரண்பாடு எனக் கொண்டு, ஒரு கோப்பை இரண்டாக்கி வேறு பெயரிட்டு வைக்கின்றது.

வேறிரு விடயங்களும் அவதானிக்கத்தக்கன. கூகிள் ஆவணமாக எழுதப்பட்ட கட்டுரை கணினியில் ஒரு கோப்பாகத் தோன்றினும், அதனுள் இருப்பது இணைய முகவரியைச் சுட்டும் குறிப்பே. அதனை இரண்டாவது சேவைக்குப் பெயர்ப்பதால் கட்டுரை பெயர்வதில்லை. அவ்வாறே, வட்டில் இடம் மீதப்படுத்தும் வசதி இயங்குமிடத்துக் கோப்பின் பெயர் மட்டுமே கணினியில் இருக்கும். உள்ளடக்கம் சேவையகத்திலேயே தங்கிவிடும்.

ஏட்டுச் சுவடி மரபு இவ்விடத்தில் ஒப்புநோக்கத்தக்கது. சி. வை. தாமோதரம்பிள்ளை 1887இல் கலித்தொகையைப் பதிப்பித்தமை போன்ற முயற்சிகளுக்கு ஆதாரமாயிருந்தவை பெயர்த்தெழுதப்பட்ட ஏடுகளே. பெயர்த்தெழுதி முடிந்த ஏடு மூலத்தினின்றும் பிரிந்து தனி வாழ்வு பெற்றது. ஓர் ஏடு செல்லரித்தமையால் மற்றை ஏடு செல்லரிக்கவில்லை. காப்புப்பிரதியின் இலக்கணம் இச்சுதந்திரமே. ஒத்திசைவிலோ ஒன்றிற்கு நேர்வது மற்றதற்கும் நேர வேண்டும் என்பதே விதி. எனவே அது பிரதியன்று, பிரதிபிம்பமே.

இவ்வேறுபாடு எத்துணை பாரதூரமானது என்பதை இலங்கை அரச முகிலுக்கு 2023இல் நேர்ந்த கதி உணர்த்தியது. கப்பம் கோரும் நச்சுநிரல் ஒன்றின் தாக்குதலில் மூலத் தரவுகளுடன் வலையமைப்பில் இணைந்திருந்த காப்புப்பிரதியும் மறைகுறியாக்கப்பட்டது. இணைப்பிற்கு வெளியே வேறு பிரதி இருக்கவில்லை. அதன் விளைவாக மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான அரச மின்னஞ்சல்கள் இழக்கப்பட்டன. பிரதி இருந்தது, பிரிந்திருக்கவில்லை.

ஆகவே இரு சேவைகளையும் பயன்படுத்த விரும்புவோர் அவற்றிற்கிடையே தொழிற்பிரிவினை செய்தல் வேண்டும். அன்றாட வேலைக்குரிய இருவழி ஒத்திசைவு ஒரு சேவையுடன் மட்டும் அமைதல் வேண்டும். இரண்டாவது சேவைக்குக் குறித்த கால இடைவெளியில் ஒருவழிப் பிரதியே செல்ல வேண்டும். ஆர்க்குளோன் எனும் திறந்த மூலச் செயலி இதற்கு உதவும். அதன் ‘கொப்பி’ கட்டளை சேருமிடத்தில் எதனையும் நீக்காது. ‘சிங்க்’ கட்டளையோ மூலத்தில் இல்லாதவற்றை நீக்கிவிடும். எனினும் ‘கொப்பி’யும் திருத்திய கோப்பைப் பழையதன் மேல் எழுதுமாதலின், பழைய வடிவங்களைத் திகதியிட்டுத் தனியே ஒதுக்குதல் அவசியம். கூகிள் ஆவணங்களைச் சாதாரணக் கோப்புகளாக மாற்றிச் சேர்த்தல் வேண்டும். இவற்றிற்கு அப்பால், பிரதி எடுத்தவுடன் கழற்றிவைக்கப்படும் வன்தட்டு ஒன்றும் தேவை.

இரு நிறுவனங்களை நாடுவதால் ஒரு நிறுவனத்திற் தங்கியிருக்கும் நிலை தளர்கின்றது என்பது உண்மையே. ஆயினும் சேமிப்புச் சாதனங்களின் உடைமை ஈரிடத்தும் பிறரதே. கணக்கை மூடும் அதிகாரமும் கட்டணத்தை உயர்த்தும் அதிகாரமும் அவர்களிடமே உள்ளன. ஆய்வு மூலங்கள் ஒரு சமூகத்தின் பொதுச் சொத்தாதலின், அவற்றின் பாதுகாப்பு தனியொருவரின் சந்தாப் பணத்தில் மாத்திரம் தங்கியிருத்தல் பொருத்தமன்று. பல்கலைக்கழக நூலகங்கள் தமக்குரிய சேமிப்பகங்களை அமைத்து, தம்முள் பிரதிகளைப் பகிர்ந்து பேணுதல் வேண்டும். அதுவரை, தத்தம் காப்புப்பிரதியிலிருந்து ஒரு கோப்பையேனும் மீட்டெடுத்துப் பார்ப்பது ஆய்வாளர் ஒவ்வொருவரதும் கடமையாகும். மீட்டுப் பார்க்கப்படாத பிரதி பிரதியெனக் கொள்ளத்தக்கதன்று.